தேடுவதற்கும் ஒரு விலை உண்டு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் போனால், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் அன்றைய ரூபாய் விகிதம் போட்டிருப்பார்கள். ஒரு கடைக்கும் நாலு கடை தள்ளியிருக்கும் இன்னொரு கடைக்கும் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, பத்துப் பைசா, இருபது பைசா வித்தியாசம் இருப்பது சாதாரணம். ரூபாயில் நல்ல ரூபாய், மட்ட ரூபாய் என்று கிடையாது. எந்தக் கடையில் கட்டினாலும் ஊரில் அதே வங்கிக் கணக்கில்தான் போய்ச் சேரும். அப்படியிருக்க, குறைவாகக் கொடுக்கிற கடையிலும் ஏன் வரிசை நிற்கிறது?

பொருளியல் பாடத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கு இது புதிராக இருக்கும். ஒரே பொருள், ஒரே தெரு, ஒரே நேரம் என்றால் விலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பாடம் சொல்கிறது. வாங்குகிறவருக்கு எல்லாக் கடை விலையும் முன்கூட்டியே தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நடப்பில் விலையைத் தெரிந்துகொள்ளவே நடக்க வேண்டும், கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். நடந்த நேரமும் காத்திருந்த நேரமும் செலவுதான். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துச் சந்தையைப் புரிந்துகொள்வதைப் பொருளியலாளர்கள் தேடல் கோட்பாடு என்கிறார்கள்.

இதற்கு அடித்தளம் போட்டவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டிக்லர். 1961ல் வந்த அவருடைய கட்டுரையில் ஒரு விவரம் இருக்கிறது. சிகாகோ விற்பனையாளர்களிடம் ஒரே ரக ஷெவர்லே காருக்கு விலை கேட்டுப் பார்த்ததில், குறைந்த விலை 2,350 டாலர், கூடிய விலை 2,515 டாலர். ஒரே ஊர், ஒரே கார். விலை சிதறிக் கிடப்பது சந்தையின் கோளாறு என்று ஸ்டிக்லர் நினைக்கவில்லை. தகவல் இலவசமாகக் கிடைக்காத எந்த இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றார். 1982ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கணக்கைச் சின்னதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரைஸ் குக்கர் 100 வெள்ளியிலிருந்து 200 வெள்ளி வரை எந்த விலையிலும் இருக்கலாம், எந்தக் கடையில் என்ன விலை என்று நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கடையில் கேட்டு வாங்கினால் சராசரியாக 150 வெள்ளி கொடுப்போம். இரண்டு கடையில் கேட்டுக் குறைந்ததை வாங்கினால் 133. மூன்று கடை என்றால் 125, நான்கு என்றால் 120. இரண்டாவது கடை நமக்கு 17 வெள்ளி மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. மூன்றாவது கடை எட்டு, நான்காவது ஐந்து. அலைய அலைய ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் கால்வலி சுருங்குவதில்லை. ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

எங்கே நிறுத்துவது? ஸ்டிக்லர், இத்தனை கடை பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுபோல எழுதினார். யாரும் அப்படிக் கடைக்குப் போவதில்லை. முதல் கடையிலேயே நல்ல விலை கிடைத்துவிட்டால் நாலாவது கடைக்கு ஏன் நடக்க வேண்டும்? 1970ல் ஜான் மெக்கால் என்ற பொருளியலாளர் இதைச் சரிசெய்தார். அவர் எழுதியது வேலை தேடுவதைப் பற்றி. கடைக்கும் அதே கணக்குதான். மனத்தில் ஓர் எல்லை விலையை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே எந்த விலை வந்தாலும் உடனே வாங்கிவிடலாம், மேலே இருந்தால் அடுத்த கடை. இன்னொரு கடைக்குப் போனால் எதிர்பார்க்கக்கூடிய மிச்சம், அந்தக் கடைக்குப் போகிற செலவுக்குச் சரியாக இருக்கும் புள்ளிதான் அந்த எல்லை.

அதே ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஒருவருக்கு ஒரு கடை ஏறி இறங்க இரண்டு வெள்ளிதான் செலவு. அவருடைய எல்லை விலை 120 வெள்ளி. சராசரியாக ஐந்து கடை பார்ப்பார், 110 வெள்ளிக்கு வாங்குவார், அலைச்சலுக்குப் பத்து வெள்ளி ஆகும். இரவுப் பணி முடித்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில் கடைக்குப் போகிற ஒரு தாய்க்கு ஒரு கடை எட்டு வெள்ளிக்குச் சமம். அவருடைய எல்லை 140க்குப் போய்விடும். இரண்டு மூன்று கடையோடு நிறுத்திக்கொண்டு சராசரியாக 120 வெள்ளி கொடுப்பார், அலைச்சலோடு சேர்த்தால் 140. இரண்டு பேரும் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனாலும் ஒரே குக்கருக்கு ஒருவருக்கு 120 ஆகிறது, மற்றவருக்கு 140. இந்தக் கோட்பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். ஒருவர் அதிக விலை கொடுக்கிறார் என்றால் அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று பேசுவது நம்மிடையே வழக்கம். அவருக்கு நேரம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பணம் அனுப்புவதற்கும் இது பொருந்தும். 2,000 வெள்ளி அனுப்புகிறவருக்கு இருபது பைசா வித்தியாசம் 400 ரூபாய். நாலு கடை நடக்கலாம். 200 வெள்ளி அனுப்புகிறவருக்கு அது 40 ரூபாய். தங்குவிடுதிக்குத் திரும்பும் பேருந்தைத் தவறவிடுவதைவிட அந்த நாற்பதை விட்டுவிடுவதே மேல். கொஞ்சமாக அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பது இப்படித்தான்.

சரி, கடைக்காரர் பக்கம் போவோம். எம்ஐடி பேராசிரியர் பீட்டர் டைமண்ட் 1971ல் ஒரு முடிவைச் சொன்னார். முதலில் படித்தபோது நம்பச் சிரமமாக இருந்தது. வாங்குகிறவர் எல்லாருக்கும் தேடும் செலவு துளியாவது இருந்தால் போதும், எத்தனை கடைகள் இருந்தாலும் விலை போட்டியே இல்லாத ஒற்றைக் கடைக்காரன் வைக்கும் விலைக்கே போய்ச் சேரும் என்றார். எல்லாக் கடையிலும் 100 வெள்ளி, அடுத்த கடைக்குப் போக 50 காசு செலவு என்று கொள்வோம். ஒரு கடைக்காரர் 100 வெள்ளி 40 காசு என்று ஏற்றுகிறார். உள்ளே வந்துவிட்டவர் நாற்பது காசுக்காக ஐம்பது காசு செலவழிக்க மாட்டார், வாங்கிவிடுவார். மற்றவர்களும் ஏற்றுகிறார்கள். இப்போது 100.40தான் எல்லா இடத்திலும் விலை, அதற்கு மேல் இன்னும் நாற்பது காசு ஏற்றலாம். இப்படியே போகும்.

நம் தெருக்களில் அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம், தேடுவதைச் செலவாகவே நினைக்காத சிலர் இருப்பதுதான். தேக்கா ஈரச்சந்தையில் காலையில் அவர்களைப் பார்க்கலாம். தள்ளுவண்டிப் பையோடு வரும் ஒரு பாட்டி முதல் சுற்றில் எதையும் வாங்குவதில்லை. முருங்கைக்காய் என்ன விலை, கறிவேப்பிலைக் கட்டு எவ்வளவு பெரிது, நேற்று விலை என்ன, எல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவார். இரண்டாவது சுற்றில்தான் பை நிறையும். இவரைப்போல் பத்துப் பேரை இழக்க விரும்பாத காய்கறிக்காரர் விலையை அடக்கி வைக்கிறார். அவசரமாக வந்து முதல் கடையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவருக்கும் அதே விலைதான் கிடைக்கிறது. பாட்டியின் நடைக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை, ஆனால் பலன் அவருக்கும் உண்டு.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. விலை எழுதி வைத்திருக்க வேண்டும், ஆளைப் பார்த்து மாறக் கூடாது. எழுதாத விலையில், பேரம் பேசி வாங்கும் இடத்தில், பாட்டியின் அலைச்சல் பாட்டிக்கு மட்டுமே பயன்படும். அவருக்கு ஒரு விலை, அவசரக்காரருக்கு வேறு விலை என்று கடைக்காரர் பிரித்துவிடலாம்.

சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளில் இது துல்லியமாகத் தெரியும். 916 தங்கத்தின் அன்றைய கிராம் விலையை வாசலிலேயே பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கடைக்குக் கடை அதிகம் மாறாது, மாறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உள்ளே போய் ஒரு சங்கிலியைக் கையில் எடுத்த பிறகுதான் செய்கூலி பேச்சு வரும். கிராமுக்கு இவ்வளவா, உருப்படிக்கு இவ்வளவா, பழைய நகையைக் கொடுத்தால் எவ்வளவு கழியும், கல்லின் எடையைச் சேர்த்தா சேர்க்காமலா, பொருள் சேவை வரி எந்தத் தொகையின் மேல் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதே சங்கிலி அடுத்த கடையில் இருக்காது, வேறு வேலைப்பாட்டில் வேறொன்று இருக்கும். ஒப்பிட எளிதான பகுதியில் போட்டி கடுமையாக இருக்கிறது. ஒப்பிட முடியாத பகுதிக்கு லாபம் இடம் மாறிவிடுகிறது. நகை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. எல்லாம் சேர்ந்து இறுதியாகக் கட்ட வேண்டிய தொகையை எடையால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கடையையும் எந்தக் கடையோடும் ஒப்பிடலாம்.

விற்பவர்களே தேடும் செலவைக் கூட்டுகிறார்கள் என்பதை க்ளென் எலிசன், சாரா எலிசன் இருவரும் 2009ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். கணினி மெமரி விற்கும் இணையக் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். விலை ஒப்பீட்டுத் தளத்தில் முதலிடம் பிடிக்க மட்டமான சரக்கை அடிமாட்டு விலைக்குப் போடுவது, உள்ளே வந்தவரை விலை கூடியதன் பக்கம் திருப்புவது என்று பல உத்திகள். ஒரு கிளிக்கில் ஒப்பிடக்கூடிய இடத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் பெட்ரோலும் அப்படி ஆகிவிட்டது. பலகை விலை நிலையத்துக்கு நிலையம் பக்கம் பக்கமாகவே இருக்கும். எந்த வங்கி அட்டைக்கு எத்தனை விழுக்காடு தள்ளுபடி, உறுப்பினர் அட்டைக்கு எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். இதற்காகவே சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம் 2020 ஜனவரியில் ஃபியூவல் காக்கி தளத்தைத் தொடங்கியது. மளிகை, உணவு விலைகளுக்கு பிரைஸ் காக்கி செயலி அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. தேடும் வேலையைப் பொதுச் செலவில் செய்து கொடுப்பது நல்ல கொள்கை என்றே நினைக்கிறேன். பாட்டி செய்கிற வேலையை எல்லாருக்குமாக ஒரு செயலி செய்கிறது.

தகவல் மலிவாவதால் என்ன நடக்கும் என்பதற்குச் சிறந்த சான்று கேரளக் கடற்கரையிலிருந்து வருகிறது. 1997க்கும் 2001க்கும் இடையில் வடகேரளத்தில் கைத்தொலைபேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. அதுவரை மத்தி பிடித்த படகுகள் வழக்கமான துறைக்கே திரும்பும். அங்கே வாங்க ஆளில்லை என்றால் மீனைக் கடலில் கொட்ட வேண்டியதுதான், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் காத்திருந்தாலும். தொலைபேசி வந்த பிறகு கடலில் இருந்தபடியே விலை கேட்டார்கள். ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வின்படி துறைகளுக்கிடையே விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது, மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றே போனது, மீனவர் லாபம் எட்டு விழுக்காடு கூடியது, வாங்குகிறவருக்கு விலை நான்கு விழுக்காடு குறைந்தது. இரண்டு பக்கமும் ஆதாயம். தேடல் செலவு என்பது யாருக்கும் போய்ச் சேராமல் வீணாகிற செலவு என்பதால்தான் இது முடிந்தது.

ஆனால் விலையை வெளியிட்டாலே நல்லது நடக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 1993ல் டென்மார்க்கில் போட்டித்தன்மை ஆணையம் கலவைக் கான்கிரீட் நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலைகளை வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு ஏறியது. வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்கள்தான் அந்தப் பட்டியலைக் கவனமாகப் படித்தார்கள். யாராவது ரகசியமாக விலை குறைத்தால் மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், ஆகவே குறைக்க ஆளில்லாமல் போனது. விற்பவர்கள் நாலைந்து பேர் மட்டுமே உள்ள சந்தையில் இது எப்போதும் உள்ள ஆபத்து.

நம் கைத்தொலைபேசியில் உள்ள டாக்சி செயலிகளுக்கும் இரண்டு முகம் உண்டு. மழையில் சாலையோரம் கை காட்டி நிற்கும் பயணியையும், இரண்டு தெரு தள்ளிக் காலியாகச் சுற்றும் ஓட்டுநரையும் அவை இணைத்துவைத்தன. தேடல் செலவு குறைந்தது உண்மை. 2018 மார்ச்சில் கிராப், ஊபரின் தென்கிழக்காசிய வர்த்தகத்தை வாங்கியதும் பயணி ஒப்பிட்டுப் பார்த்த இரண்டாவது செயலி இல்லாமல் போனது. கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு ஏறியதாகக் கண்டறிந்த போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம், அவ்வாண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. ஒப்பிட இன்னொன்று இல்லாதபோது தேடலுக்கும் வேலையில்லை.

வீட்டு விஷயம் கொஞ்சம் வேறு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடுகள் எந்த புளோக்கில், ஏறத்தாழ எந்த மாடியில், என்ன விலைக்குக் கைமாறின என்று வீவக வெளியிடுகிறது. விலையைத் தேடும் வேலை அநேகமாக முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது பொருத்தத்தைத் தேடுவது: வெயில் எந்தப் பக்கம், மேல்மாடிச் சத்தம், நீர்க்கசிவு. இதை நேரில் போய்த்தான் பார்க்க முடியும். பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1979ல் எழுதியது இங்கே உதவும். எதை முதலில் பார்ப்பது என்பதற்கு, சராசரியில் எது நல்லது என்பதை மட்டும் பார்க்காதீர்கள் என்றார் அவர். எதிர்பாராத அளவுக்கு நன்றாக அமையக்கூடியதையும் பாருங்கள். மோசமாக இருந்தால் விட்டுவிட்டு வரலாம், நஷ்டம் ஒரு மாலைப்பொழுது. நன்றாக அமைந்தால் தேடலே முடிந்துவிடும். படங்களில் சுமாராகத் தெரிகிற, ஆனால் அமைப்பில் வித்தியாசமான வீட்டை முதல் வாரத்திலேயே போய்ப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

தேடல் கோட்பாடு அதிகம் வளர்ந்தது வேலைச் சந்தையில். டைமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டஃபர் பிசாரிடிஸ் மூவருக்கும் 2010ல் நோபெல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். ஒரே நேரத்தில் காலி வேலைகளும் வேலையில்லாதவர்களும் ஏன் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் விடை தந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கிறது. நிறுவனம் ஆளைத் தேடுகிறது, ஆள் நிறுவனத்தைத் தேடுகிறார். மனிதவள அமைச்சு காலாண்டுதோறும் வெளியிடும், வேலையில்லாத ஒருவருக்கு எத்தனை காலியிடங்கள் என்ற விகிதம் இந்தச் சிந்தனையோடு நேரடித் தொடர்புடையது.

மெக்காலின் எல்லை இங்கே குறைந்தபட்சச் சம்பளமாக மாறுகிறது: இதற்குக் கீழே வந்தால் ஏற்கமாட்டேன் என்று ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் தொகை. கையில் சேமிப்பு இருந்தால் அந்தத் தொகையை உயரமாக வைக்கலாம். வாடகையும் கடனும் கழுத்தை நெரித்தால் கிடைத்ததை வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேலையிழந்த, தகுதிபெறும் சிங்கப்பூரருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500, இரண்டாவது மாதம் 1,250, மூன்றாவது மாதம் 1,000, பிறகு மாதம் 750 வெள்ளி என்று அது இறங்கும். வேலை தேடிக்கொண்டிருப்பதற்கான ஆதாரமும் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பொருத்தமான வேலைக்காகக் காத்திருக்க இடம் கொடுத்து, போகப் போக எல்லையை மெல்லக் கீழே கொண்டுவரும் வடிவமைப்பு. சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேல் வாங்கியவர்களுக்கு இது கிடையாது. அவர்களிடம் சேமிப்பு இருக்கும் என்ற ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கலாம்.

ஒர்க் பெர்மிட் என்ற வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டு ஊழியருக்கு இந்தக் கணக்கே வேறு. வேலையில் இருந்துகொண்டே இன்னொரு வேலை தேட முடிந்தால்தான் முதலாளிகள் சம்பளத்தைக் கூட்ட வேண்டிய கட்டாயம் வரும் என்று மார்டென்சனும் கென்னத் பர்டெட்டும் 1998ல் காட்டினார்கள். இந்த ஊழியருடைய பெர்மிட்டோ ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. முதல் தேடலுக்கே அவர் கையிலிருந்து பணம் போயிருக்கும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், வேலைக் காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் ஊழியரிடம் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஊரில் உள்ள முகவரிடம் கொடுத்த பணத்துக்கு அந்த உச்சவரம்பு செல்லாது. நிலத்தை அடகு வைத்து வந்தவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று மனத்தில் ஓர் எல்லையை வைத்துக்கொள்ளவே வழியில்லை.

கட்டுமானத் துறையில் அவருக்கு ஓர் இடைவெளி திறந்திருக்கிறது. பெர்மிட் முடிவதற்கு 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே புதிய முதலாளி அவருக்காக விண்ணப்பிக்கலாம். கணக்குப் பார்த்தால் சுமார் மூன்று வாரம். வாரத்தில் ஆறு நாள் வேலைத்தளத்தில் நிற்கிறவருக்கு அதில் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் அதிகபட்சம் மூன்றுதான். இன்னொரு நிறுவனத்தைக் கண்டுபிடித்து, பேசி, அவர்கள் விண்ணப்பம் போட்டு முடிக்கவும் அதற்குள்தான் ஆக வேண்டும். அந்த மூன்று வாரத்தை மூன்று மாதமாக்கினால் அரசாங்கத்துக்கு அதிகம் செலவாகாது. சம்பளத்தைப் பற்றிப் பேச ஊழியருக்கு முதல்முறையாக ஒரு பிடி கிடைக்கும். அந்தத் துறையில் கவனித்து ஆள் வைத்துக்கொள்ளும் நல்ல முதலாளிகளுக்கும் அனுபவமுள்ள ஊழியர்களைத் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும்.